வானுக்குள் ஒரு வீடு: வடக்கில் உறவு பார்க்கவும் காடு பார்க்கவும் போகிறவர்களுக்கு

பாடசாலை விடுமுறைக் காலத்தில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் அரை மணி நேரம் நின்றால் போதும், எமது குடும்பங்கள் இன்று எங்கெங்கே சிதறி இருக்கின்றன என்று தெரிந்துவிடும். கொழும்பிலிருந்து இரவிரவாக வந்த வான் ஒன்று வீதியோரம் ஒதுங்கும். கைத்தடியோடு அம்மம்மா இறங்குவார். பின்னால் ரொறன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளை, பாரிஸிலிருந்து வந்த சித்தி, வவுனியாவில் ஏறிக்கொண்ட மாமா. ஒருவர் தேங்காய் உடைப்பார், ஒருவர் கச்சான் வாங்குவார், சாரதி முகம் கழுவிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போவார். வானின் பின்பக்கத்தில் பாய், தலையணை, தண்ணீர்க் கான், புட்டுப் பொதி, யாருக்கோ கொடுக்கவேண்டிய சாமான் பெட்டி.

இதையே இன்னும் கொஞ்சம் வசதியாக்கினால் அது கேம்பர் வான். படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாமான் தட்டு எல்லாம் உள்ளே பொருத்தப்பட்ட வாகனம். ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் நிறுவனம் 1950இல் தயாரிக்கத் தொடங்கிய வானுக்குள் வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் 1951 முதல் படுக்கையும் அலுமாரியும் பொருத்திக் கொடுத்தது. அதிலிருந்து உலகெங்கும் இந்தப் பழக்கம் பரவியது. இலங்கையிலும் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு இத்தகைய வான்களை வாடகைக்கு விடுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்தோ தெற்கிலிருந்தோ வந்து, கேம்பர் வானிலோ படுக்க வசதி செய்த சாதாரண வானிலோ வடக்கில் ஒரு வாரம் உறவினரையும் நண்பரையும் பார்த்து, இடையில் பூங்காக்களையும் பார்க்க நினைக்கும் குடும்பங்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

எமக்குப் பழகிய பயணம்

வீடு முழுவதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது எமக்குப் புதிதல்ல. வல்லிபுர ஆழ்வார் கோவிலுக்கும் செல்வச்சந்நிதிக்கும் கூடார வண்டி கட்டிப் போன காலத்தில் அரிசியும் பானையும் பாயும் ஏற்றித்தான் போனார்கள். ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கு இன்றும் குடும்பங்கள் மரங்களின் கீழ் கூடாரம் அடித்தும் வாகனத்துக்குள் படுத்தும் நாட்கணக்கில் தங்குகின்றன. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரிகர்கள் குமண, யால காடுகளை நடந்தே கடக்கிறார்கள்.

போர் இந்தப் பழக்கத்தை வேறொன்றாக மாற்றியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2008, 2009 காலத்தில் வன்னிக்குள் இடத்துக்கு இடம் நகர்ந்தபோதும் உழவு இயந்திரப் பெட்டியும் லான்ட்மாஸ்டரும் சைக்கிளும்தான் பலருக்கு வீடாக இருந்தன. திருவிழாவுக்குக் கூடாரம் அடித்த மடு வளாகமே அகதி முகாமாக இருந்தது.

ஆகவே வாகனத்துக்குள் படுப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. பக்கத்தில் இருக்கும் அப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ அது வேறு நினைவைக் கொண்டுவரலாம். திட்டம் போடும்போது முதலில் கேட்கவேண்டியது அவர்களிடம்தான். வானுக்குள் படுக்க விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்கத் தேவையில்லை. அவருக்கு உறவினர் வீட்டில் ஓர் இடமோ, வாடகை அறையோ ஒழுங்குசெய்யுங்கள்.

எந்த வாகனம்?

முழுமையான கேம்பர் வான்கள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு பேருக்கானவை. மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பத்துக்கு அவை போதாது. உயரமான கூரை கொண்ட ஹயஸ் வானை, ஊர்ப் பேச்சில் ‘டொல்பின்’ அல்லது ‘கே.டி.எச்.’, சாரதியோடு வாடகைக்கு எடுத்து, வயதானவர்கள் வீட்டுக்குள்ளும் இளையவர்கள் வானுக்குள்ளும் படுப்பது நடைமுறைக்கு ஏற்றது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியால் வீதியில் ஓடும் வான்களில் பல பழையவை. வாடகை பேசும்போது விலையை மட்டும் பேசாமல் டயர், பிரேக், குளிரூட்டி, உதிரிச் சில்லு, பின் இருக்கைகளின் பட்டி ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள். காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கும் செல்லுமா என்று கேளுங்கள். தனிப்பட்ட பாவனைக்கென்று காப்புறுதி செய்த வாகனம் வாடகைக்கு ஓடி விபத்தில் சிக்கினால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். சொந்த வானின் இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை பொருத்த நினைப்பவர்கள் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்து தாமே ஓட்ட விரும்புபவர்களுக்கு அந்த நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. இலங்கையில் ஓட்டுவதற்கான அனுமதியையும் பெறவேண்டும். வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் ஏ9 வீதியில் முதல் நாளே இரவில் ஓட்டத் தொடங்குவது நல்லதல்ல.

ஏற்றவேண்டிய சாமான் அதிகமில்லை. 20 லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டு, நுளம்பு வலை, டோர்ச், பாய், முதலுதவிப் பெட்டி, வயதானவர்களின் மருந்துகள், குப்பைப் பை, கழுவிப் பாவிக்கும் கோப்பைகள். மருந்துச் சீட்டின் படத்தைத் தொலைபேசியில் வைத்திருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். அந்தச் சேவை வடக்கிலும் உண்டு.

ஒரு விடயத்தில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். கண்ணாடிகளை மூடி, என்ஜினை ஓடவிட்டு, குளிரூட்டியில் தூங்கக்கூடாது. புகை உள்ளே கசிந்தால் காபனோரொட்சைட்டு வாயு மணமின்றி, நிறமின்றி உயிரைப் பறிக்கும். மூடிய வானுக்குள் காஸ் அடுப்பு எரிப்பதிலும் அதே ஆபத்து. சமையல் எப்போதும் வெளியேதான்.

போகும் வீதியும் வரும் வீதியும்

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எட்டு மணி நேரத்தில் ஓடி முடித்துவிடலாம் என்பதற்காக ஓடி முடிக்க வேண்டியதில்லை. கேம்பர் வான் பயணத்தின் பயனே நின்று நின்று போவதில்தான் இருக்கிறது.

இந்த வீதி எமக்கு நீண்டகாலம் மூடிய கதவாக இருந்தது. தரைப்பாதை இல்லாத காலத்தில் ஒரு தலைமுறை கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தது. பலர் கரை சேரவில்லை. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ9 திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்று பொதிகளை அவிழ்த்துக் காட்டிப் போனோம். 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்தபின் 2009 இறுதியிலும் 2010 தொடக்கத்திலும் படிப்படியாகத் திறக்கப்பட்டது. இன்று சில நிமிடங்களில் கடந்துவிடும் முகமாலையில் அன்று எவ்வளவு நேரம் நின்றோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வானுக்குள் நேரம் இருக்கிறது.

ஒரு வாரப் பயணத்துக்கு இப்படி ஒரு சுற்றுப் பாதை பொருந்தும். போகும்போது வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் வழியாக யாழ்ப்பாணம். பரந்தனிலிருந்து ஏ35 வீதியில் திரும்பினால் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் வழியாக முல்லைத்தீவு. அந்தப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் யாழ்ப்பாணம் போகமுன் இரண்டு நாட்களை இங்கே ஒதுக்கலாம். திரும்பும்போது நாவற்குழியிலிருந்து ஏ32 வீதியில் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி, மன்னார், மடு. 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் இருபுறமும் கடல்நீரேரி. கிளாலியால் வந்தவர்கள் வானை ஓரமாக நிறுத்தி ஒருமுறை இறங்கிப் பார்க்க விரும்புவார்கள். அதற்கும் நேரம் விடுங்கள்.

காலநிலையைப் பொறுத்தவரை ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை வடக்கில் மாரி மழை. உள்வீதிகளிலும் தாழ்பாலங்களிலும் வெள்ளம் ஏறும். தை, மாசி மாதங்களில் குளங்கள் நிறைந்திருக்கும், பறவைகளும் இருக்கும், வெயிலும் தாங்கக்கூடியது. ஆடி, ஆவணி திருவிழாக் காலம். நல்லூர், மடு இரண்டுக்கும் கூட்டம் வரும். வெயில் கடுமை.

எங்கே படுப்பது?

ஐரோப்பாவில் இருப்பதுபோல வான்களுக்கென்று தண்ணீரும் மின்சாரமும் உள்ள தரிப்பிடங்கள் வடக்கில் பரவலாக இல்லை. சிறந்த தரிப்பிடம் உறவினர் வளவு. மாமர நிழல், கிணற்றுத் தண்ணீர், மலசலகூடம், காலையில் தேநீர் எல்லாம் அங்கே உண்டு.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டு அறை வீடுகளில் எமது உறவினர் பலர் வாழ்கிறார்கள். ஏழு பேர் போய் இறங்கினால் அவர்கள் தமது கட்டிலை எமக்குத் தந்துவிட்டு விறாந்தையில் படுப்பார்கள். வேண்டாம் என்றால் மனம் நோகும். வான் இருந்தால், “பிள்ளையள் வானுக்குள்ளதான் படுக்க வேணுமாம்” என்று ஒரு சொல்லில் அந்தச் சங்கடம் தீரும். சாப்பாட்டை மட்டும் மறுக்காதீர்கள். ஆனால் அரிசி, மா, தேங்காய், மீன் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்து சமையுங்கள்.

உறவினர் இல்லாத ஊரில் கோவில் அல்லது தேவாலய வளவில் பொறுப்பானவரிடம் கேட்டுத் தங்கலாம். விடுதிகள் சில தமது வளவில் வானை நிறுத்த இடம் தரும். கடற்கரையிலும் குளக்கட்டிலும் கேட்காமல் இரவு தங்குவதைத் தவிருங்கள். அது யாரோ ஒருவரின் கரைவலைப்பாடாகவோ மேய்ச்சல் தரையாகவோ இருக்கும். தெரியாத வாகனம் இரவில் நின்றால் ஊரவர் பயப்படுவதும் நியாயமே. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வாகனப் பத்திரங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வீதியோரத்தில் கவனம்

முகமாலை நாட்டின் மிகப் பெரிய மிதிவெடிப் பிரதேசங்களில் ஒன்று. வடக்கில் வெடிபொருள் அகற்றும் பணி 2009க்குப் பின்னும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. மண்டையோட்டுப் படமுள்ள சிவப்புப் பலகை, மஞ்சள் நாடா, வெள்ளையும் சிவப்பும் பூசிய தடி எதைக் கண்டாலும் அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது. பலகை இல்லாத பற்றைக்குள்ளும், உடைந்த வீட்டு அத்திவாரத்துக்குள்ளும், பழைய பதுங்குகுழிக்குள்ளும் பிள்ளைகளை விடாதீர்கள். அவசரத்துக்கு ஒதுங்குவதென்றாலும் எரிபொருள் நிரப்பு நிலையத்திலோ கடையிலோ நிறுத்துங்கள்.

கேம்பர் வான் பயணம் என்றதும் நினைவுக்கு வருவது வெட்டவெளியில் மூட்டும் நெருப்பு. வன்னியிலும் தென்மராட்சியின் கிழக்குப் பக்கத்திலும் அது வேண்டாம். மண்ணுக்குள் புதைந்திருக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கக்கூடும். வீட்டு வளவில், நெடுநாள் அடுப்பு எரிந்த இடத்திலேயே சமையுங்கள்.

அடுத்தது மாடு. இரவில் தார் வீதியின் சூட்டுக்குக் கட்டாக்காலி மாடுகள் நடு வீதியில் படுத்திருக்கும். ஏ9 வீதியின் காட்டுப் பகுதிகளில் யானையும் கடக்கும். பொழுதுபட்டபின் ஓட்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

உறவு வீட்டு வாசலில்

வான் என்ற சொல்லுக்கு எமது ஊர்களில் இன்னொரு பொருளும் இருந்தது. வெள்ளை வானில் வந்தவர்கள் கூட்டிச்சென்ற பிள்ளைகள் பலர் திரும்பவில்லை. இரவில் வீட்டு வாசலில் வான் ஒன்று வந்து நின்று, இழுவைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் இன்றும் நெஞ்சு பதறுபவர்கள் இருக்கிறார்கள். எனவே சொல்லாமல் போய் ஆச்சரியப்படுத்தும் பழக்கம் இங்கே வேண்டாம். முதல் நாளே தொலைபேசியில் சொல்லுங்கள். என்ன நிற வான், எத்தனை மணிக்கு, யார் யார் என்று சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள்.

எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதிலும் முறை உண்டு. நாம் வராமல் இருந்த காலத்தில் செத்தவீடு நடந்த இடங்களுக்கு முதலில் போய்த் துக்கம் விசாரித்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போகவேண்டும். இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வருபவர்களுக்கு அந்தப் பட்டியல் நீளமாக இருக்கும். புறப்படமுன் ஊரில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் வீட்டில் துக்கம் விசாரிக்க முடியாது. அவர்கள் அதைத் துக்கமாக ஏற்கவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உறவினர்கள் வீதியோரத்தில் கொட்டகை போட்டுத் தொடங்கிய போராட்டத்தை இந்த வீதியால் போனவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். அந்த வீட்டுக்குப் போனால் “ஏதும் தகவல் தெரிஞ்சுதோ?” என்று கேட்காதீர்கள். தெரிந்திருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, உங்களுக்கு நினைவுள்ள ஒரு நல்ல சம்பவத்தைச் சொல்லுங்கள். அந்தப் பெயரைப் பிறர் வாயால் கேட்க அந்தத் தாய் காத்திருப்பார்.

ஒரு நாளில் ஒரு வீடு, கூடினால் இரண்டு. ஐந்து வீடு ஏறி இறங்கினால் தேநீர் குடித்த கணக்குத்தான் மிஞ்சும். முடியுமென்றால் ஊரில் உள்ள ஒருவரை வானில் ஏற்றிக்கொள்ளுங்கள். அயலூரில் இருக்கும் தங்கச்சியைக்கூடப் பஸ் வசதியில்லாமல் நெடுநாள் பார்க்காத அக்காமார் பலர் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிட இந்த வாகனத்தால் செய்யக்கூடிய பெரிய உதவி இல்லை.

பூங்காக்கள்

2015இல் சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடு வீதி, ஆதாம் பாலம் ஆகிய நான்கும் வடக்கில் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன.

சுண்டிக்குளம் 1938 முதலே பறவைகள் சரணாலயம். ஆனையிறவுக் கடல்நீரேரியை ஒட்டிய சேறும் கண்டலும் உப்புத்தரையும் சேர்ந்த இடம். மழைக்குப் பின் பூநாரைகளும் வலசை வரும் தாராக்களும் கூடும். யால போல ஜீப் வரிசை இங்கே இல்லை. தொலைநோக்கியும் பொறுமையும் போதும். மழைக்காலத்தில் வானை மண் பாதையில் இறக்கினால் புதையும். தார் வீதியிலேயே நிறுத்தி நடவுங்கள்.

நெடுந்தீவுக்கு வானைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் விட்டுவிட்டுப் படகில் போகவேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம். கட்டாக்காலிக் குதிரைகள், பருத்த பெருக்கமரம், முருகைக்கல் வேலிகள். கடைசிப் படகு நேரத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருந்தால் வயதானவர்கள் கரையில் நிற்கட்டும்.

வில்பத்து திரும்பும் பாதையில், அனுராதபுரம் - புத்தளம் வீதியிலிருந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது. 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புடன் நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா. சிறுத்தை, கரடி, ‘வில்லு’ எனப்படும் இயற்கை நீர்நிலைகள் இதன் சிறப்பு. ஈமத்தாழிகள் கண்டெடுக்கப்பட்ட பொன்பரப்பியும், அல்லி அரசாணி கதை வழங்கும் குதிரைமலையும் இந்தக் காட்டோடு சேர்ந்தவை. போரால் 1988 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. 2006இல் கண்ணிவெடியில் பார்வையாளர்கள் இறந்தபின் மறுபடி மூடப்பட்டு 2010இல் திறக்கப்பட்டது. வானோடு உள்ளே போகமுடியாது. வாசலில் நிறுத்திவிட்டு ஜீப் எடுக்கவேண்டும். இருட்டியபின் உள்ளே நிற்க அனுமதியில்லை. காட்டுக்குள் முகாமிட வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்யவேண்டும். இலங்கை அடையாள அட்டை இருந்தால் உள்ளூர்க் கட்டணம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு போனால், தமிழில் பேசினாலும், பல மடங்கு கூடிய கட்டணம்தான்.

பூங்கா என்ற பலகைக்குப் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. மக்கள் இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் வயலும் வளவும் காடாகின. திரும்பி வந்தபோது சிலவற்றுக்கு எல்லைக்கல் போடப்பட்டிருந்தது. 1990இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வில்பத்துக்கு வடக்கே மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற ஊர்களுக்குத் திரும்பியபோதும் இதே சிக்கல். 2009 மே மாதத்தில் மக்கள் உயிரோடு தப்பவும் உயிரை விடவும் நேர்ந்த நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. கண்டலும் பறவையும் பாதுகாக்கப்பட வேண்டியவைதான். மீனவரின் கரையும் விவசாயியின் உறுதியும்கூடப் பாதுகாக்கப்பட வேண்டியவை. அந்தப் பலகையின் முன் படம் எடுக்கும்போது, வீட்டுக்கார மாமாவிடம் “இது முந்தி ஆற்றை காணி?” என்று ஒருமுறை கேளுங்கள்.

வட்டுவாகல் பாலத்தில் வான் மெதுவாகத்தான் போகமுடியும். ஆனையிறவில் இராணுவத்தின் நினைவுச் சின்னங்கள் வீதியோரத்தில் நிற்கும். பிள்ளைகள் கேட்பார்கள். யார் பதில் சொல்வது, எவ்வளவு சொல்வது என்று பெரியவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. சொல்ல முடியாதவரைச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம்.

திரும்பும்போது

வெளிக்கிடும் நாளில் வானுக்குள் இடம் இருக்காது. பனங்கிழங்கு, ஒடியல் மா, மிளகாய்த்தூள், முருங்கைக்காய், ஒரு குலை இளநீர் என்று ஏற்றிவிடுவார்கள். மறுக்காமல் வாங்குங்கள். படுக்கையை மடித்து இடம் செய்யுங்கள்.

முன்பு நாம் வாகனத்தில் வீட்டை ஏற்றியபோது எப்போது திரும்புவோம் என்று தெரியாது. இந்தப் பயணத்தில் வாசலில் நிற்பவர்கள் கேட்கும் கேள்வி அதுதான்: “இனி எப்ப வருவியள்?” பொதுவாகத் தலையாட்டிவிட்டு ஏறாமல், ஒரு மாதத்தைச் சொல்லிவிட்டு ஏறுங்கள். சொன்ன மாதத்தில் போய் இறங்குங்கள்.